கசிமிர் மாஸ்ரரின் அணி

சேசு மரி சூசை

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.
17-02-1963

அன்புள்ள இராசாத்தி அக்காவுக்கு,

தேவமாதாவின் காவலில் நான் கொழும்பு வந்து சேர்ந்தேன். உன் சுகத்தையும் அம்மாவின் இளைப்பு எப்படி என்பதையும் அறிய ஆவல்.

மாங்குளத்தில் ஏறிய றெயிலில் இருக்க இடமில்லை. அனுராதபுரம் வரை நின்றே வந்தேன். முழங்கால் ஒன்றும் செய்யவில்லை. துறைமுகத்தில் ஒரு கிட்டங்கியில் வேலை கிடைத்துவிட்டது. அங்குள்ள தொழிலாளர் கழகத்தின் உதைபந்தாட்டக் குழுவிலும் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். ஓடிக் காட்டச் சொன்னார்கள், பத்துப் பந்து அடிக்கச் சொன்னார்கள், அவ்வளவுதான். முழங்காலைக் காட்டு என்று இங்கே ஒருவரும் கேட்கவில்லை.

நான் ஏன் சொல்லாமல் கொள்ளாமல் வந்தேன் என்று அம்மா அழுவதாகக் கேள்விப்பட்டேன். நீயே சொல்லு. யாழ்ப்பாணத்தில் இறுதி ஆட்டம். முல்லைத்தீவிலிருந்து மூன்று லொறியில் சனம் வந்திருக்கிறது. அன்று காலை மனேஜர் கசிமிர் மாஸ்ரர் பதினொரு பெயரை வாசிக்கிறார், அதில் என் பெயர் இல்லை. ஏன் மாஸ்ரர் என்று கேட்டேன். "உன்ரை முழங்கால் வீங்கியிருக்கு. ஒரு வருசம் விளையாடக் கூடாது" என்றார். ஒரு வருசம். எனக்கு இருபத்தைந்து வயது, அக்கா. தோளில் துவாயோடு வரம்பில் இருந்து நாங்கள் ஒரு கோலால் தோற்றதைப் பார்த்தேன்.

"போலந்து நாட்டைப் பறிகுடுத்திட்டு வந்தவருக்குத் தோக்கிறது பழக்கமாயிருக்கும்" என்று எல்லோருக்கும் முன்னால் அவரிடம் சொன்னேன். சொன்னதற்கு வருத்தப்படவில்லை. இனி உன் கடிதங்களில் அந்த மனிதரைப் பற்றி ஒன்றும் எழுத வேண்டாம்.

அம்மாவின் கைக்கு என் முத்தம்.

உன் தம்பி,
மரியநேசன்

*

சேசு மரி சூசை

முல்லைத்தீவு.
10-03-1963

அன்புள்ள தம்பிக்கு,

வாடைக்காற்று நின்றபின் அம்மாவுக்கு இளைப்புக் குறைந்திருக்கிறது. நான் சுகம். கடைச் சாப்பாடு உன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று அம்மா கேட்கச் சொன்னா.

எழுத வேண்டாம் என்றாய். ஆனாலும் இதை மற்றவர் வாயால் நீ கேட்பதைவிட நான் எழுதுவது நல்லது. சென்ற ஞாயிறு பூசை முடிந்ததும் கடற்தாரகைக் கழகத்தின் நிர்வாகக் குழு கூடியது. கணக்கெழுத ஆள் இல்லையென்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். தலைவர் யாக்கோப்புச் சம்மாட்டியார் எழுந்து, "எங்கடை திறமான ஆளை வெளியிலை இருத்தி, கையிலை வந்த கோப்பையைக் குடுத்துப்போட்டீர். ஏன் எண்டு சொல்லும்" என்று கேட்டார்.

"முழங்கால்" என்றார் கசிமிர் மாஸ்ரர்.

"வேறை?"

"வேறை இல்லை."

அவரை நீக்க விரும்புகிறவர்களைக் கை உயர்த்தச் சொன்னார்கள். ஒன்பது கை உயர்ந்தது. மாஸ்ரர் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி மேசையில் வைத்தார். ஒவ்வொருவரிடமும் போய்க் கை கொடுத்தார், சம்மாட்டியாரிடமும்தான். "போலந்திலை நாலு வருசம் மனேஜர். இஞ்சை ஆறு வருசம். இஞ்சைதான் கூட" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

நான் அவரோடு கடற்கரை வரை நடந்தேன். ஆறு வருசமாக எங்கள் வீட்டுச் சோறு சாப்பிடுகிற மனிதர், தன்னைப் பற்றி அன்றுதான் பேசினார். நிலக்கரி தோண்டும் ஊரில் பிறந்தாராம். தகப்பனும் தமையன்மாரும் சுரங்கத்தில் வேலை. இவர் நடுவில் நின்று ஆடுகிறவர். இருபத்தொன்பது வயதில் ஊர்க் குழுவுக்கு மனேஜராக்கினார்களாம். ஆடுகிற எல்லோரும் சுரங்கக்காரர். நகம் எல்லாம் கரி. நாலாம் வருசம், முப்பத்தொன்பதில், சண்டை வந்தது. பிறகு ருசியாவில் சிறை, பாரசீகம், இத்தாலியில் போர்முனை, இங்கிலாந்து. குளம் கட்டுகிற எந்திரம் ஓட்ட ஆள் கேட்டபோது இலங்கைக்கு வந்திருக்கிறார். "உங்கட ஆட்டக்காரர் எல்லாரும் என்ன ஆனவை?" என்று கேட்டேன். ஏழு பேரைப் பற்றித் தெரியும் என்றார்.

படகு எஞ்சின் திருத்துகிற கொட்டிலில் வேலை அவருக்கு இன்னும் இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து மத்தியானச் சாப்பாடு வழமைபோலப் போகிறது. நீ தங்க நல்ல இடம் கிடைத்ததா என்று கேட்டார்.

செபமாலையை மறவாதே.

உன் அக்கா,
இராசாத்தி

*

சேசு மரி சூசை

கொட்டாஞ்சேனை.
28-04-1963

அன்புள்ள அக்கா,

இங்கே வெய்யில் கடுமை. மற்றப்படி உடம்பில் ஒரு குறையுமில்லை. வீட்டிலும் அப்படியே இருக்க வேண்டுமென்று கொச்சிக்கடைக் கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினேன்.

கழகத்தை விட்டு அவரை நீக்கும்படி நான் ஒருவரையும் கேட்கவில்லை. அதை மட்டும் எழுதி வைக்கிறேன்.

நேற்று என் முதல் ஆட்டம். இடது ஓரத்தில் விட்டார்கள். பாதி நேரத்துக்குள் இரண்டு பந்தைத் தவறவிட்டேன். ஒன்று காலுக்கு அடியால் உருண்டு போய்விட்டது. மற்றது, காவலன் தரையில் விழுந்து கிடக்கிறான், வெறும் கோல், வெளியே அடித்தேன். அதை நினைத்து இரவு நித்திரை வரவில்லை. கடைசிப் பத்து நிமிடத்தில் ஒன்று போட்டேன், அது அவ்வளவு நல்ல கோலும் அல்ல, எதிரியின் தோளில் பட்டுப் போனது. ஆனால் ஒரு கோலால் வென்றோம். என்னைத் தூக்கினார்கள்.

சப்பாத்துப் போட்டு ஆடுவது கடற்கரை மணலில் ஆடுவதுபோல் இல்லை. கால் திரும்பும்போது நிலம் விட்டுக்கொடுக்காது.

இதை அவருக்கு வாசித்துக் காட்டுவதானால் காட்டு. எனக்கு ஒன்றுமில்லை.

அன்புடன்,
மரியநேசன்

*

சேசு மரி சூசை

முல்லைத்தீவு.
09-06-1963

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருவரும் சுகம். அம்மா இப்போது மீன் காயவைக்கப் போவதில்லை, நான்தான் மறித்தேன்.

உன் கடிதத்தை மாஸ்ரருக்கு வாசித்தேன். எண்ணெய்க் கையைச் சாக்கில் துடைத்துக்கொண்டே கேட்டார். கோல் போட்ட இடத்தில் ஒன்றும் சொல்லவில்லை. வெறும் கோலுக்கு வெளியே அடித்த இடத்தில் சிரித்துவிட்டார். "பந்து வர முந்தியே கோலைப் பாக்கிறான். பழைய வருத்தம்" என்றார். கடிதத்தை வாங்கி, படிக்கத் தெரியாத எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்குப் புதிய குழு ஒன்று கிடைத்திருக்கிறது. விசுவமடுக் குடியேற்றத்திலிருந்து கனகலிங்கம் என்று ஒருவர் உழவு மெசினில் வந்தார். சாவகச்சேரிப் பக்கத்து ஆள், அங்கே காணி கிடைத்துக் காடு வெட்டி வயல் செய்கிறார். குடியேற்றச் சங்கத்தின் செயலாளர். "ஐயா, எங்கடை பெடியளுக்கு ஓடத் தெரியும், எங்கை ஓடிறதெண்டு தெரியாது" என்று சொன்னார். மாஸ்ரர் அன்றைக்கே மெசினில் ஏறிப் போய்விட்டார். இப்போது ஒவ்வொரு சனியும் பஸ்ஸில் போய், ஞாயிறு பின்னேரம் வருகிறார். அறுத்த வயலில்தான் பயிற்சி. வைக்கோல் அடிக்கட்டை காலைக் குத்துகிறதாம். அதனால் காலைத் தூக்கி ஓடப் பழகிவிட்டார்களாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சந்தோசம்.

இறுதி ஆட்டத்தில் உன்னை ஏன் இறக்கவில்லை என்று நான் நேரே கேட்டேன். ஒரு முழங்காலுக்காக மட்டும் ஒரு மனிதர் தன் பதவியை விடுவாரா? "அவன் கேட்டால் சொல்லுறன்" என்றார். நீ கேட்டு எழுது. நான் ஆங்கிலத்திலோ தமிழிலோ அவர் சொல்வதை எழுதி அனுப்புகிறேன்.

கோயில் பெருநாளுக்கு வருவாய்தானே? உன் கட்டிலை அம்மா வெய்யிலில் போட்டுத் தட்டி வைத்திருக்கிறா.

உன் வரவை எதிர்பார்க்கும்,
அக்கா

*

சேசு மரி சூசை

கொட்டாஞ்சேனை.
01-09-1963

அன்புள்ள அக்கா,

பதில் பிந்தியதற்கு மன்னித்துக்கொள். வேலை கூட. நான் நல்ல சுகம், அம்மாவிடம் அதை முதலில் சொல்லு.

இதுவரை ஆறு ஆட்டம் முடிந்துவிட்டது. ஒன்பது கோல் போட்டிருக்கிறேன். கடைசி ஆட்டத்தில் மட்டும் மூன்று. ஒன்று இடது ஓரத்தால் கொண்டுபோய் இரண்டு பேரை வெட்டி விலத்திப் போட்டது. ஒன்று தலையால். மற்றது தூரத்திலிருந்து அடித்தது, காவலன் அசையவே இல்லை. சனம் எழுந்து நின்று கை தட்டியது. முழங்கால் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டேன்.

ஆட்டங்கள் இருப்பதால் பெருநாளுக்கு வர முடியவில்லை. கிறிஸ்மசுக்கும் வர முடியுமோ தெரியாது.

விசுவமடுக்காரர் எப்படி ஆடுகிறார்கள்?

இப்படிக்கு,
மரியநேசன்

*

சேசு மரி சூசை

முல்லைத்தீவு.
20-10-1963

அன்புள்ள தம்பிக்கு,

கடவுள் கிருபையால் நாங்கள் குறைவின்றி இருக்கிறோம். மழை தொடங்கிவிட்டது, அம்மா போர்வைக்குள்தான்.

உன் கடிதம் வந்ததும் மாஸ்ரருக்கு வாசித்தேன். இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். "தவறவிட்ட பந்து ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். "ம்" என்று சொல்லிவிட்டு எஞ்சினைப் பார்க்கப் போய்விட்டார்.

அந்தக் கிழமையே கொழும்புக்குப் போனார். வெளிநாட்டவர் தங்கும் அனுமதிக்கு வருசா வருசம் முத்திரை குத்த வேண்டுமல்லவா, அதற்கு என்றார். அந்தத் தவணைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. எனக்கு அப்போது அது நினைவு வரவில்லை.

நாலாம் நாள் திரும்பினார். நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். நல்லாய் நனைந்திருந்தார். அம்மா கோப்பி கொடுத்தா. உன்னைக் கண்டீர்களா என்று கேட்டா.

"கண்டனான். ஆட்டம் பாத்தனான்" என்றார். கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று பார்த்தாராம். நீ இரண்டு கோல் போட்டாயாம். மூன்றாவது பந்து கம்பத்துக்கு மேலால் போய்விட்டதாம், தலையை முந்தியே தூக்கிவிட்டாயாம். கதிரையிலிருந்து எழுந்து நின்று, நீ எப்படித் திரும்பினாய் என்று செய்து காட்டினார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. நீ போனபின் அவ சிரித்து நான் கண்டது அன்றைக்குத்தான்.

ஆட்டம் முடிய நீ மற்றவர்களோடு லொறியில் போய்விட்டதால் அதிகம் கதைக்கக் கிடைக்கவில்லை என்றார். அவரைக் கண்டதை நீ ஏன் எழுதவில்லை?

அன்புடன்,
அக்கா

*

சேசு மரி சூசை

கொட்டாஞ்சேனை.
24-11-1963

அன்புள்ள அக்கா,

சுகம். உங்கள் சுகத்தை எழுதவும்.

ஓம், மாஸ்ரர் வந்தார். அவர் அம்மாவுக்குச் சொன்னபடிதான்.

அன்று இங்கேயும் நல்ல மழை. அவருக்கு அதனால் காய்ச்சல், வருத்தம் ஏதும் வந்ததா?

மரியநேசன்

*

சேசு மரி சூசை

முல்லைத்தீவு.
20-01-1964

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தில் நாலு வரிதான் இருந்தது. சுகயீனம் ஏதுமென்றால் மறைக்காமல் எழுது. அம்மா உன் பேரில் ஒரு பூசைக்குக் கொடுத்திருக்கிறா.

மாஸ்ரருக்கு இருமல் பிடித்தது உண்மைதான். மார்கழி முழுதும் விடவில்லை. என்றாலும் பொங்கலுக்கு முந்திய ஞாயிறு எங்கள் விளையாட்டு வெளியில் நடந்த ஆட்டத்துக்கு விசுவமடுக் குழுவைக் கூட்டிக்கொண்டு வந்தார். எதிர்க் குழு எங்கள் கடற்தாரகைதான்.

எங்கள் ஆட்கள் சிரித்தார்கள். வயல்காரர் கட்டையாக, ஒரே மாதிரிச் சட்டைகூட இல்லாமல் நின்றார்கள். ஆனால் ஒருவன் ஓடினால் மற்றவன் எங்கே நிற்பான் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இரண்டாம் பாதியில் சிற்றம்பலம் என்ற முப்பது வயது ஆள் ஒரு கோல் போட்டார். அது போதுமாயிருந்தது. கனகலிங்கம் மாஸ்ரரைத் தூக்க வந்தார். மாஸ்ரர் அவர் கையை விலக்கிவிட்டு வெளியின் மற்றப் பக்கம் போனார். தோற்று நின்ற எங்கள் பெடியள் ஒவ்வொருவனிடமும் தனித்தனியாக ஏதோ சொன்னார். பக்கத்து வீட்டு றோஸ்மேரியின் தமையன் அழுதுவிட்டான். யாக்கோப்புச் சம்மாட்டியார் தூரத்தில் நின்றார். மாஸ்ரர் அவரைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

அடுத்த நாள் காய்ச்சல். இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறார். பயப்பட ஒன்றுமில்லை, சில நாளில் விட்டுவிடுவார்கள்.

முடிந்தால் ஒருமுறை வந்து போ. அவர் கேட்கவில்லை. நான் கேட்கிறேன்.

உன் அக்கா,
இராசாத்தி

*

சேசு மரி சூசை

முல்லைத்தீவு.
08-03-1964

அன்புள்ள மரியநேசனுக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீயும் நலமாயிருப்பாய் என்று நம்புகிறேன்.

நான் கொடுத்த தந்தி உனக்குக் கிடைத்ததா என்று தெரியவில்லை. கசிமிர் மாஸ்ரர் சென்ற மாதம் இருபத்தைந்தாம் தேதி காலை ஆறரைக்குப் போய்விட்டார். சுவாமியார் அவஸ்தைப் பூசுதல் கொடுத்தார். அம்மாவும் நானும் பக்கத்தில் இருந்தோம்.

பயப்பட ஒன்றுமில்லை என்று நான் எழுதியது பொய். சிறையில் இருந்த காலத்திலேயே நுரையீரல் கெட்டுவிட்டது, இனித் தேறாது என்று டொக்டர் அன்றைக்கே என்னிடம் சொல்லியிருந்தார். மாஸ்ரர்தான் உனக்கு எழுத விடவில்லை. "விளையாடுற ஆளுக்கு அப்பிடி எழுதக் கூடாது" என்றார்.

கடைசி நாட்களில் நீ வருவாய் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று எழுதினால் நீ வருந்துவாய். அப்படி அவர் பார்க்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். இரண்டொரு தரம் தன் பாஷையில் யாரையோ கூப்பிட்டார்.

விசுவமடுவிலிருந்து இரண்டு மெசின் நிறைய ஆட்கள் வந்தார்கள். வேட்டியோடு, திருநீற்றோடு, கோயிலின் பின்பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். எப்போது முழங்காலில் நிற்பது, எப்போது எழும்புவது என்று தெரியாமல் எங்களைப் பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். பெட்டியைத் தூக்கும் நேரம் யாக்கோப்புச் சம்மாட்டியார் முன்னுக்கு வந்து முதல் பிடியைப் பிடித்தார். "விடுங்கோ, இது நான் தூக்க வேண்டியது" என்றார். மற்றப் பக்கம் கனகலிங்கம். கடற்கரைச் சேமக்காலையில், எங்கள் ஐயாவின் குழிக்கு இரண்டு குழி தள்ளி வைத்திருக்கிறோம்.

நீ வரவில்லை, தம்பி. வேறு என்ன எழுத.

இராசாத்தி

*

சேசு மரி சூசை

கொட்டாஞ்சேனை.
22-03-1964

என் அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தில் சுகத்தைப் பற்றி முதலில் எழுதப் போவதில்லை. வாசித்தால் உனக்கே விளங்கும்.

தந்தி கிடைத்தது. கோட்டை ஸ்ரேசன் வரை போனேன். மேடைக்கு ஏறி இறங்கும் படியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். படி பெரிதல்ல. அதில் ஊன்றுபொல்லோடு ஏறி, மாங்குளத்தில் அதே பொல்லோடு இறங்கி, உங்கள் முன்னால் வந்து நிற்பதை நினைத்தேன். றெயில் போய்விட்டது.

நான் ஆடியது இரண்டே ஆட்டம். முதல் ஆட்டத்தை எழுதினேன். இரண்டாவது போன வைகாசி மாதம். பந்தோடு திரும்பினேன், மேல்கால் திரும்பியது, கீழ்க்கால் நின்றுவிட்டது. அந்தச் சத்தம் எனக்கே கேட்டது. ஆஸ்பத்திரியில் ஏழு கிழமை கிடந்தேன். இப்போது இடது முழங்கால் மடியாது. கழகத்துக்காரர் இரண்டு தரம் பார்க்க வந்தார்கள், பிறகு வரவில்லை. அவர்களிலும் பிழை சொல்ல ஒன்றுமில்லை. கிட்டங்கி வாசலில் ஒரு மர வாங்கில் இருந்து, வருகிற லொறிக்குச் சீட்டுக் கொடுப்பதுதான் என் வேலை. அந்த ஒன்பது கோலையும் அந்த வாங்கில் இருந்துதான் எழுதினேன்.

மாஸ்ரர் வந்த அன்று மழை பெய்துகொண்டிருந்தது. தொப்பியோடு தெருவின் மறுபக்கத்தில் வந்தபோதே கண்டுவிட்டேன். காவல்காரன் பரமலிங்கத்திடம், நான் காலி நகருக்கு ஆடப் போய்விட்டேன் என்று சொல்லச் சொல்லிவிட்டு, மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்றேன். பலகை இடுக்கால் பார்த்தேன். பரமலிங்கம் சொன்னதைக் கேட்டார். என் பொல்லு வாங்கில் சாத்தியபடி இருந்தது, எடுக்க மறந்துவிட்டேன். அதைப் பார்த்தார். பிறகு எதிரே இருந்த தேத்தண்ணிக் கடையின் கூரை இறப்புக்குக் கீழே போய் நின்றார். இரண்டு மணித்தியாலம் நின்றார், அக்கா. கூரை ஒழுகியது. நான் வெளியே வரவில்லை.

போகும்போது திரும்பவும் வந்து பரமலிங்கத்திடம், "அவன் வந்தால் சொல்லுங்கோ, அவன் நல்ல ஆட்டக்காரன்" என்று சொன்னாராம். தான் முதலில் கழகத்துக்குப் போய் விசாரித்து, அவர்கள் சொல்லித்தான் இந்த இடத்துக்கு வந்ததாகவும் சொல்லியிருக்கிறார். எல்லாம் தெரிந்துகொண்டு அங்கே வந்து அம்மாவுக்குக் கதிரையிலிருந்து எழும்பி ஆடிக் காட்டியிருக்கிறார்.

உன் கடிதம் வந்த அன்று அந்த மூன்றாவது பந்து, கம்பத்துக்கு மேலால் போனது, அதை வாசித்துத்தான் அழுதேன்.

என்னை ஏன் இருத்தினார் என்று உனக்குச் சொன்னாரா? அவர் உயிரோடு இருக்கும்போது நான் கேட்டிருக்க வேண்டும்.

மரியநேசன்

*

சேசு மரி சூசை

முல்லைத்தீவு.
26-04-1964

அன்புள்ள என் தம்பிக்கு,

உன் கடிதத்தை ஒரு கிழமை வைத்திருந்துவிட்டு அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவ குசினிக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றா. பிறகு வந்து, "நடக்க ஏலுமோ அவனுக்கு?" என்று கேட்டா. பொல்லோடு நடப்பான் என்றேன். "அப்ப வரச் சொல்லு" என்றா.

நீ கேட்டதற்குப் பதில். ஆஸ்பத்திரியில் ஒரு பின்னேரம் அவராகவே சொன்னார். "அவன் கேட்டால் மட்டும் எழுதுங்கோ" என்றார். இப்போது கேட்டிருக்கிறாய்.

போலந்தில் அவருடைய குழுவில் யூசெக் என்று ஒருவன், வயது இருபத்திரண்டு. உன்னைப் போல இடது ஓரம். முப்பத்தொன்பதாம் ஆண்டு ஓகஸ்ட் மாதக் கடைசி ஞாயிறு பெரிய ஆட்டம். அவன் முழங்கால் வீங்கிப் பந்துபோல் இருந்ததாம். ஆட ஏலாது என்று அவனே சொன்னானாம். மாஸ்ரர் தன் கையாலேயே துணி சுற்றி, "உன்னை நம்பித்தான் இருக்கிறன்" என்று சொல்லி இறக்கிவிட்டிருக்கிறார். வென்றார்கள். யூசெக்கைத் தோளில் வைத்து ஊரைச் சுற்றினார்கள். அவனால் நிலத்தில் கால் வைக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை சண்டை தொடங்கிவிட்டது. மேலே விமானம், றோட்டு முழுக்கச் சனம். கிழக்குப் பக்கம் எல்லோரும் நடந்தார்கள். யூசெக்கை மாஸ்ரர் ஒன்றரை நாள் முதுகில் சுமந்திருக்கிறார். பிறகு ஏலாமல் போய், ஒரு வைக்கோல் கொட்டிலில் கிடத்திவிட்டு, "வண்டி கொண்டு வாறன்" என்று சொல்லிப் போயிருக்கிறார். வண்டியோடு திரும்பியபோது கொட்டில் எரிந்து முடிந்திருந்தது.

"நான் ஒரு கோப்பைக்காக அவன்ரை காலை எடுத்தனான். கால் இருந்திருந்தால் அவன் நடந்திருப்பான்" என்று சொன்னார். உன் முழங்காலைப் பார்த்த அன்று அதே வீக்கம், அதே இடமாம். இதை நிர்வாகக் குழுவுக்குச் சொல்லியிருக்கலாமே என்றேன். "அது கேட்டால் பாவம் பாப்பினம். மனேஜருக்குப் பாவம் பாக்கக் கூடாது" என்றார்.

இன்னொன்று. அவர் போனதைப் போலந்தில் இருக்கும் தங்கைக்கு ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். போன கிழமை பதில் வந்தது. தங்கை தன் பாஷையில் எழுதியதை அவவின் பங்குச் சுவாமி ஆங்கிலத்தில் போட்டு அனுப்பியிருக்கிறார். இருபத்தைந்து வருசமாக அண்ணன் எழுதிய கடிதங்களில் பந்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாதாம். யூசெக்குக்குப் பிறகு அவர் பந்தை விட்டுவிட்டார் என்றுதான் வீட்டில் நினைத்திருந்தார்களாம். "கடைசிக் காலத்தில் அவனுக்கு ஒரு குழு இருந்ததா? இருந்தால் அதில் ஆடியவர்களின் பெயரை அனுப்புங்கள், நாங்கள் செபத்தில் சேர்த்துக்கொள்கிறோம்" என்று கேட்டிருக்கிறா.

விசுவமடுவுக்குப் போய்க் கனகலிங்கத்திடம் கேட்டு எழுதினேன். சிற்றம்பலம், அப்புத்துரை, மயில்வாகனம் என்று அவர்கள் பெயர் எல்லாம் இருக்கிறது. எங்கள் கடற்கரை ஆட்களின் பெயரையும் போட்டிருக்கிறேன். யாக்கோப்புச் சம்மாட்டியார் தன் பெயரையும் கீழே போடச் சொன்னார், என்ன முறையில் என்று கேட்டதற்கு அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. உன் பெயரை மட்டும் இன்னும் எழுதவில்லை. உன்னைக் கேட்காமல் எழுத மனம் வரவில்லை.

கடவுள் உன்னைத் தாங்கட்டும்.

உன் அக்கா,
இராசாத்தி

*

சேசு மரி சூசை

கொட்டாஞ்சேனை.
03-05-1964

அன்புள்ள அக்கா,

அடுத்த சனிக்கிழமை இரவு மெயிலில் ஏறுகிறேன். பரமலிங்கம் ஸ்ரேசன் வரை வருவான். மாங்குளத்தில் ஒருவரும் வந்து காத்திருக்க வேண்டாம், பஸ்ஸில் வந்துவிடுவேன். வீட்டுக்கு முன் சேமக்காலைக்குப் போக வேண்டும். அங்கே நான் எவ்வளவு நேரம் நின்றாலும் கூப்பிடாதே.

போலந்துக்கு எழுதும் கடிதத்தில் என் பெயரைப் போடு. இடது ஓரம் என்று எழுது. அவர் குழுவில் ஆறு வருசம் ஆடினான், ஒரே ஒரு ஆட்டத்தில் மட்டும் அவர் அவனை இறக்கவில்லை என்று எழுது. இறக்காமல் விட்டது சரி என்று அவனே சொல்கிறான் என்றும், அதை அவரிடம் சொல்ல அவன் வரவில்லை என்றும் எழுது.

ஆங்கிலத்தில் இதை எப்படி எழுதுவது என்று உனக்குத் தெரியும்.

மரியநேசன்